தும்பைப்பூவைப் போனில் எடுக்க
ஐப்பசி மழைக்குப் பிறகு வரப்போரம் தும்பை பூத்துக் கிடக்கும். நின்றபடியே போனை நீட்டினால் வெள்ளைப் புள்ளிதான் விழும். முழங்காலிட்டு, பூவின் மட்டத்துக்கு இறங்குங்கள். காலை 7 மணி வாக்கில் வெயில் சாய்வாக விழும், காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். திரையில் பூவைத் தொட்டு ஃபோகஸ் செய்தபின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். வெள்ளைப் பூவுக்கு இது ரொம்ப முக்கியம். இல்லையென்றால் இதழ் வெளிறிப்போய், மேலிதழில் இருக்கும் அந்த அழகான பஞ்சு மயிர்கள் தெரியாது.

படம் மங்கலாக வருகிறதா? இன்னும் நெருங்காமல், ஒரு சாண் தள்ளிப்போய் 2 மடங்கு ஜூம் வையுங்கள். வெயில் ஏறிவிட்டால் உங்கள் நிழலையே பூமேல் விழவிடலாம்.

நெருஞ்சி மட்டும் வேறு. அது சூரியனைப் பார்த்து நிற்கும். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு எடுங்கள், மஞ்சள் முகம் நேராகக் கிடைக்கும். அப்புறம், முழங்காலிடும் முன் முள்ளைப் பாருங்கள்.