எலும்பு வெளிய வந்த கால்: ரோட்டுலேருந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் கூட இருக்கறவங்க செய்ய வேண்டியது

என் தம்பிக்கு பைக் ஆக்சிடன்ட் ஆனப்ப முழங்காலுக்கு கீழ எலும்பு ஒடைஞ்சு தோல கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துடுச்சு, பக்கத்துல இருந்தவங்க நல்ல மனசோட தான் ஓடி வந்தாங்க, ஆனா ரத்தம் நிக்கட்டும்னு காப்பித்தூள அள்ளி அப்பிட்டாங்க. தியேட்டர்ல அத கழுவி எடுக்கறதே பெரும்பாடா போச்சு. அதனால முதல்ல இத சொல்லிடறேன், காப்பித்தூள், மஞ்சத்தூள், பச்சிலை எதையும் காயத்துல வைக்காதீங்க.

108-க்கு போன் போட்டுட்டு, சுத்தமான துணிய மடிச்சு ரத்தம் வர்ற எடத்துல வெச்சு உள்ளங்கையால அழுத்தி புடிங்க, நின்னுடுச்சான்னு தூக்கி தூக்கி பாக்காதீங்க, நனைஞ்சா அது மேலயே இன்னொரு துணி வைங்க. எலும்ப உள்ள தள்ளவே கூடாது. அட்டைப்பெட்டிய கிழிச்சு காலுக்கு ரெண்டு பக்கமும் வெச்சு துண்டால கட்டிட்டா வண்டியில ஆடாது. தண்ணி தண்ணின்னு கேப்பாங்க, மனசு கேக்காது, ஆனாலும் குடுக்காதீங்க, மயக்க மருந்து குடுக்கறப்ப வாந்தி எடுத்து நுரையீரலுக்குள்ள போயிட்டா ஆபத்து. போர்வை போத்தி விடுங்க, உடம்பு ஜில்லுன்னு ஆயிட்டா ரத்தம் உறையறது கெட்டுப்போகும்.

எலும்பு டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் ஒரே எடத்துல இருக்கற ஆஸ்பத்திரியா பாத்து போங்க, ஏன்னா எலும்ப சேத்தா மட்டும் போதாது, மேல மூட சதை வேணும். தமிழ்நாட்டுக்குள்ள ரோட்டுல அடிபட்டிருந்தா, எந்த ஊர்க்காரரா இருந்தாலும், 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரில முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், போன உடனே கேளுங்க. அடிபட்ட நேரம், கடைசியா சாப்ட்ட நேரம், சுகர் இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்களா, இதையெல்லாம் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. டிடி ஊசியும் ஆன்டிபயாடிக்கும் போட்டாச்சான்னு கேளுங்க, ஆன்டிபயாடிக் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள போறது சீழ் புடிக்காம இருக்க ரொம்ப முக்கியம்.

வயித்துக்குள்ளயும் ரத்தக்கசிவு இருந்தா கால அப்புறம் தான் பாப்பாங்க. ரத்தத்த மட்டும் நிறுத்திட்டு, சில சமயம் வயித்த மூடாமயே ஐசியூவுக்கு கொண்டு வந்து, உடம்பு சூடு, ரத்தம் எல்லாம் தேறினதும் ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு திரும்ப தியேட்டருக்கு கூட்டிட்டு போவாங்க. பாதில விட்டுட்டாங்கன்னு சண்ட போடாதீங்க, உயிர காப்பாத்தறதுக்கு தான் அப்படி செய்றாங்க.

இப்ப எல்லாரும் பயப்படற கேள்வி, கால் நிக்குமா எடுக்கணுமா. கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரி டாக்டருங்க இதுக்குன்னே ஒரு ஸ்கோர் கொண்டு வந்து 2006-ல வெளியிட்டாங்க. ரத்தக்குழாய் அறுபடாத காலுக்கு தோல், எலும்பு, சதை ஒவ்வொண்ணுக்கும் 1-லேருந்து 5 வரைக்கும் மார்க், அதுக்கு மேல சுகர், பிபி ரொம்ப எறங்கினது, சாக்கடை அழுக்கு, காயத்த சுத்தம் பண்ண 12 மணி நேரத்துக்கு மேல ஆனது, இந்த மாதிரி ஒவ்வொண்ணுக்கும் 2. மொத்தம் 14-க்குள்ள இருந்தா கால காப்பாத்த பாக்கலாம், 17-ஓ அதுக்கு மேலயோ போனா எடுக்கறது தான் நல்லதுன்னு வரும், 15, 16 ரெண்டும் டாக்டரோட அனுபவத்துல முடிவாகற எடம். தம்பிக்கு 12 வந்துச்சு. உங்க ஆளுக்கு எவ்ளோன்னு கேக்க தயங்காதீங்க. எடுக்கணும்னு சொல்லிட்டா அதோட வாழ்க்கை போச்சுன்னு நெனைக்காதீங்க, அமெரிக்காவுல 569 பேர ரெண்டு வருஷம் தொடர்ந்து பாத்ததுல, கால் எடுத்தவங்களுக்கும் காப்பாத்தினவங்களுக்கும் நடமாட்டத்துல பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டு பக்கமும் ஏறக்கொறைய பாதிப் பேரு தான் வேலைக்கு திரும்பியிருந்தாங்க.

ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரி தூங்கிடாதீங்க. ஊசி போட்டும் அடங்காத வலி, கெண்டக்கால் கல்லு மாதிரி இறுக்கம், கால் கட்டைவெரல லேசா மேல தூக்கினாலே அலறினா உடனே நர்ஸ கூப்புடுங்க, விடியட்டும்னு விடாதீங்க. உள்ள அழுத்தம் ஏறி சதை செத்துக்கிட்டு இருக்கலாம், சில மணி நேரத்துக்குள்ள கீறி விட்டா தான் பொழைக்கும்.

எலும்பு ஆடாம இருக்க காலுக்கு வெளிய மாட்டற வெளிக்கம்பியோட வீட்டுக்கு வந்தா கம்பி நுழையற எடத்த டாக்டர் சொன்ன மாதிரி தொடைங்க, சிவந்தாலோ சீழ் வந்தாலோ போட்டோ எடுத்து காட்டுங்க. சிகரெட்ட மொத்தமா நிறுத்தணும், அது எலும்பு கூடறத தடுக்குது. எலும்பு கூடறதுக்கே ஆறு மாசம் ஒம்போது மாசம் ஆகும், திரும்ப திரும்ப ஆபரேஷன் வரும், அதுக்கு பணமும் லீவும் இப்பவே யோசிச்சுக்கோங்க. படுத்திருக்கறப்ப பாதம் கீழ தொங்காம நேரா நிக்கற மாதிரி முட்டு குடுங்க. நாங்க இத கவனிக்காம விட்டுட்டோம், தம்பி இப்ப நல்லா நடக்கறான், பைக் கூட ஓட்டறான், ஆனா கணுக்கால் முழுசா மடங்காததால கீழ குந்தி உக்கார முடியல.