பழைய லென்ஸைக் குறை சொல்லும் முன்: மேனுவல் லென்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹீலியோஸ் 44-2, சூப்பர் டக்குமார், மினோல்ட்டா ரொக்கோர் என்று பழைய மேனுவல் லென்ஸ்களை (கையால் ஃபோகஸ் செய்பவை) இப்போது பலரும் தேடித்தேடி வாங்குகிறார்கள். போட்டோ வாக் போகும் இடத்திலெல்லாம் ஓரிருவர் கேமராவிலாவது பார்க்க முடிகிறது. சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் தொடக்கத்தில் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில் புதியவர்களும் விழும்போது சும்மா இருக்க மனம் வரவில்லை. வாங்கும் முன் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா பார், அப்பர்ச்சர் (ஒளி புகும் துளை) இதழ்களில் எண்ணெய்க் கசிவு பார், மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்பதை இயக்கு: இவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் அவற்றை விட்டுவிடுகிறேன்.

லென்ஸுக்கு ஆயிரக்கணக்கில், அடாப்டருக்குச் சில நூறு

மயிலாப்பூரில் ஒரு காலை. தம்பி ஒருவர் 28 மி.மீ. எஃப் 3.5 டக்குமாரை ஓர் அடாப்டர் (பழைய லென்ஸைப் புதிய கேமராவோடு இணைக்கும் வளையம்) வழியாக சோனி ஏ7 கேமராவில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். தெருவோரம் பூக்கட்டும் அம்மாவின் படம் அருமை. விரலிடுக்கில் நார் தனியாகத் தெரிந்தது. அதே தெருவில் நின்று எடுத்த கபாலீசுவரர் கோபுரமோ கூழாக இருந்தது. சுதைச் சிற்பங்களில் முகம் எது, கை எது என்று பிரிக்க முடியவில்லை. “தூரத்துல சாஃப்ட்தான்ணா, அந்தக் காலத்து லென்ஸ்தானே. எஃப் 11 வெச்சா பரவாயில்ல. வந்த விலைக்குத் தள்ளிடலாம்னு இருக்கேன்” என்றார்.

என் பையில் இருந்த வேறொரு அடாப்டரை எடுத்துக் கொடுத்தேன். அதே லென்ஸ், அதே இடம், முழுசாகத் திறந்த அதே எஃப் 3.5. கோபுரம் பளிச்சென்று வந்தது.

இது ஏன் நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் போதும். டக்குமார் போன்ற எம்42 (திருகி மாட்டும் வகை) லென்ஸ் எதுவானாலும் அதன் மவுன்ட்டுக்கும் (கேமராவும் லென்ஸும் பொருந்தும் தளம்) ஃபிலிமுக்கும் இடையே 45.46 மி.மீ. இருக்கும் என்று கணக்குப் போட்டே செய்திருக்கிறார்கள். சோனி ஏ7-இன் ஈ மவுன்ட்டில், மவுன்ட்டிலிருந்து சென்சாருக்கு 18 மி.மீ. மீதி 27.46 மி.மீ.யை நிரப்புவது மட்டும்தான் அடாப்டரின் வேலை. வெறும் குழாய்தானே, எதை வாங்கினால் என்ன என்று தோன்றும். அந்தக் குழாய் 0.2 மி.மீ. தடிமன் கூடிப்போனால் என்ன ஆகும்? 50 மி.மீ. லென்ஸை இன்ஃபினிட்டி (வெகுதூரம்) வரை திருப்பினாலும் அது ஃபோகஸ் ஆவது 12.5 மீட்டரில். 28 மி.மீ. லென்ஸ் என்றால் நாலு மீட்டரைக்கூடத் தாண்டாது. பூக்கார அம்மா தெளிவாக வந்ததற்கும் கோபுரம் கலங்கியதற்கும் இதுதான் காரணம். லென்ஸ் வைட் ஆக ஆக, அதாவது மி.மீ. எண் குறையக் குறைய, அடாப்டரின் பிழை பெரிதாகிக்கொண்டே போகும்.

இதில் ஏமாற்றுவது எது தெரியுமா? அப்பர்ச்சரைக் குறைத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் கூடி, பிழை பாதி மறைந்துவிடும். “முழுசாகத் திறந்தால் சாஃப்ட், மூடினால் ஷார்ப்” என்பது பழைய லென்ஸ்களைப் பற்றி எல்லோரும் சொல்லும் குணம். அடாப்டரின் கோளாறும் அச்சு அசல் அதே மாதிரிதான் தெரியும். அதனால் யாரும் அடாப்டரைச் சந்தேகிப்பதே இல்லை. ஐம்பது வருடம் தாங்கி வந்த கண்ணாடியை, நேற்றுக் கடைந்த அலுமினிய வளையத்தின் தப்புக்காகக் குப்பை என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கியவரும் அதே மாதிரி வளையத்தை மாட்டி, அதே தீர்ப்பைச் சொல்லி, அடுத்தவருக்குத் தள்ளுகிறார். எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான்.

தடிமன் குறைவாக இருந்தால்? பல தயாரிப்பாளர்கள் இன்ஃபினிட்டி கட்டாயம் கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே ஒரு மயிரிழை குறைத்துத்தான் செய்கிறார்கள். கோபுரம் கிடைக்கும், ஆனால் லென்ஸில் பொறித்திருக்கும் தூர அளவு பொய்யாகிவிடும். நட்சத்திரம் எடுக்கப் போய், இருட்டில் ஃபோகஸ் வளையத்தை இறுதிவரை திருப்பிவிட்டு எடுத்தால் புள்ளிகள் எல்லாம் வட்டங்களாக வரும். 1967-இல் வந்த நிக்கோர் 24 மி.மீ. எஃப் 2.8 போல, ஃபோகஸ் தூரத்துக்கு ஏற்ப உள்ளே கண்ணாடித் தொகுதிகள் தனித்தனியாக நகரும் லென்ஸ்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: வளையம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததால் ஓரங்கள் கலங்கும்.

சோதிப்பது சுலபம். ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் போதும். கேமராவின் உலோக வளையத்தில் படியும் தளத்திலிருந்து லென்ஸ் உட்காரும் தளம் வரை அளக்க வேண்டும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிகளைச் சேர்க்கக் கூடாது. வட்டத்தில் சம இடைவெளி விட்டு மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் லென்ஸ் சாய்ந்து உட்காருகிறது. படத்தில் ஒரு பக்கம் மட்டும் மங்கும். காலிப்பர் இல்லையா? வேறொரு லென்ஸை அதே அடாப்டரில் மாட்டிப் பாருங்கள். மறுபடி அதே பக்கம் மங்கினால் குற்றவாளி அடாப்டர்தான். ஈ மவுன்ட்டுக்கு மினோல்ட்டா எம்டி அடாப்டர் 25.5 மி.மீ., கேனன் எஃப்டி 24, நிக்கான் எஃப் 28.5, ஒலிம்பஸ் ஓஎம் 28 இருக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தாலும் உள்சுவரைப் பார்க்காமல் விடாதீர்கள். அடாப்டரைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஜன்னல் வெளிச்சத்தைப் பாருங்கள். உள்ளே கறுப்புப் பெயின்ட் பளபளவென்று வளையமாக மின்னினால், அந்த வெளிச்சம் சென்சாரிலும் விழும். படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெளிறும். “பழைய கோட்டிங், கான்ட்ராஸ்ட் இல்லை” என்று அதற்கும் பழியைச் சுமப்பது லென்ஸ்தான். மங்கலான கறுப்பு வெல்வெட் தாளை உள்ளே ஒட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பீக்கிங் கோட்டை நம்பி ஷட்டரை அழுத்துவது

ஃபோகஸ் ஆன இடம் இது என்று கேமரா திரையில் வண்ணக் கோடு போட்டுக் காட்டுவதுதான் பீக்கிங். எஃப் 1.4-இல் முகத்தை எடுக்கும்போது கண்ணிமையிலும் சிவப்புக் கோடு வரும், காதோரத்திலும் வரும். அது கான்ட்ராஸ்ட் இருக்கும் இடத்தைச் சுட்டும், அவ்வளவுதான். பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். அதுவும் படம் எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே. வேகமான, அதாவது அப்பர்ச்சர் பெரிதாகத் திறக்கும் பழைய லென்ஸ்கள் பலவற்றில் எஃப் 1.4-இல் பிடித்த ஃபோகஸ், எஃப் 2.8-க்கு மூடியதும் சற்றே பின்னால் நகர்ந்துவிடும்.

மஞ்சள் ஏறிய டக்குமாரை வெயிலில் காய வைப்பது

ஏழு கண்ணாடி உள்ள 50 மி.மீ. எஃப் 1.4 டக்குமார்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. ஆண்டுகள் போகப்போகத் தேன் நிறம் ஏறும். புற ஊதா ஒளி அதைத் தெளிய வைக்கும். உண்மைதான். அதற்காக மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் உருகி அப்பர்ச்சர் இதழ்களுக்குப் போகும். லென்ஸ் வெயிலைக் குவித்து அடியில் இருப்பதைக் கருக்கிவிடவும் கூடும். சின்ன யூவி எல்இடி விளக்கின் கீழ் நிழலில் சில நாள் வையுங்கள், போதும்.

ஸ்டெடிஷாட்டில் தவறான எண்

ஸ்டெடிஷாட் என்பது கை நடுக்கத்தைச் சரிசெய்யும் சோனி கேமரா வசதி. மேனுவல் லென்ஸ் எத்தனை மி.மீ. என்பதை அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். லென்ஸில் எழுதியிருப்பது எதுவோ அதையே போடுங்கள். கிராப் சென்சார் (ஃபிலிமைவிடச் சிறிய சென்சார்) என்று ஒன்றரையால் பெருக்க வேண்டாம். 135-ஐக் கழற்றி 28-ஐ மாட்டினால் எண்ணையும் மாற்றுங்கள்.

டிஎஸ்எல்ஆரில் கேனன் எஃப்டி

வேண்டாம். மவுன்ட்டிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சாருக்கு, கேனனின் பழைய எஃப்டிக்கு 42 மி.மீ., கேனன் டிஎஸ்எல்ஆரின் ஈஎஃப்புக்கு 44. நடுவில் ஒரு தரம் குறைந்த கண்ணாடி போட்ட அடாப்டர் இல்லாமல் இன்ஃபினிட்டி கிடைக்காது.

ஏஐ-க்கு முந்திய நிக்கோரை அழுத்தி மாட்டுவது

ஏஐ என்பது நிக்கான் 1977-இல் கொண்டுவந்த அப்பர்ச்சர் வளைய முறை. அதற்கு முந்திய லென்ஸின் அப்பர்ச்சர் வளையம், டி7000, டி750 போன்ற நிக்கான் கேமராக்களின் மவுன்ட் ஓரத்தில் இருக்கும் சிறு நெம்புகோலை உடைத்துவிடும். வளையத்தைச் செதுக்கி மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

ரேஞ்ச்ஃபைண்டர் வைட் லென்ஸில் ஓரத் தெளிவை எதிர்பார்ப்பது

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில், எஸ்எல்ஆர் போல உள்ளே ஏறி இறங்கும் முகக்கண்ணாடி கிடையாது. அதனால் அதற்குச் செய்த ஜூப்பிட்டர்-12 போன்ற லென்ஸ்களின் பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் நிற்கும். ஒளி ஓரங்களில் சாய்ந்து விழுந்து, சென்சார் மேலிருக்கும் கண்ணாடியில் சிதறும். இங்கே அடாப்டரை மாற்றியும் பயன் இல்லை. எஸ்எல்ஆர் வைட் லென்ஸில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

அழகான பழைய தோல் உறை

அலமாரியில் தனியாக வையுங்கள், லென்ஸை அதற்குள் வைக்காதீர்கள். சென்னை ஈரத்தில் பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. லென்ஸுக்கு 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் ஒரு டிரை கேபினட். அதற்குப் பணம் இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவும், நிறம் மாறியதும் வறுத்துக் காய வைக்கும் சிலிக்கா ஜெல்லும்.