புது நகரத்தில் பூங்கா, ஏரிக்கரை, காட்டுப்பாதை: வாசலைப் பிடித்துத் திட்டம் போடும் முறை

சுற்றுலாப் பட்டியலில் பூங்கா எப்போதும் கடைசி வரிதான். "நேரம் இருந்தால் பார்க்" என்று எழுதி வைப்போம். அந்த நேரம் வராது. வந்தாலும் மதியம் இரண்டு மணி வெயிலில் வரும். காலையிலிருந்து நடந்த கால் வலியோடு, ஒரு நீளமான மதில் சுவரை ஒட்டி உள்ளே போகும் வழியைத் தேடிக்கொண்டிருப்போம்.

அருங்காட்சியகத்துக்கு ஒரு வாசல், ஒரு டிக்கெட், ஒரு நேரம். அதனால் திட்டம் போடச் சிரமமில்லை. பூங்காவுக்கு வாசல்கள் பல, மூடும் நேரமும் மாதத்துக்கு மாதம் மாறலாம். "சும்மா போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவதற்குத் தோதான இடம்போலத் தெரியும். என்னைக் கேட்டால், அருங்காட்சியகத்தைவிட இதற்குத்தான் முன்னேற்பாடு அதிகம் தேவை. ஒரு மணி நேர வேலை, கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே முடித்துவிடலாம். விடுதி, பயணச்சீட்டு எல்லாம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: மேப்பில் தெரியும் பச்சையைச் சலித்தெடுங்கள்

விடுதியை மையமாக வைத்து மேப்பைத் திறந்தால் அங்கங்கே பச்சை தெரியும். எல்லாமே நாம் நுழையக்கூடிய இடம் இல்லை. கோல்ஃப் மைதானமும் பச்சைதான், கல்லறைத் தோட்டமும் பச்சைதான், பூட்டிய தனியார் தோட்டமும் பச்சைதான். நியூயார்க்கில் கிராமர்சி பார்க் என்று ஒன்று இருக்கிறது. பெயரில் பார்க் இருந்தாலும் சுற்றியுள்ள வீடுகளில் சாவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். லண்டனிலும் சதுரம் சதுரமாக இப்படிப் பூட்டிய தோட்டங்கள் நிறைய உண்டு.

இதைக் கண்டுபிடிக்க நான் பயன்படுத்துவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணையதளம், பொதுமக்களே சேர்ந்து வரையும் இலவச மேப். வலது ஓரத்தில் கேள்விக்குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். போதுமான அளவு பெரிதாக்கினால்தான் அது வேலை செய்யும். அதை அழுத்திவிட்டு அந்தப் பச்சைப் பகுதியைத் தொட்டால், அந்த இடத்தைப் பற்றிப் பதிவு செய்த விவரம் எல்லாம் வரும். 'ஆக்சஸ்' என்ற வரியில் 'பிரைவேட்' என்றிருந்தால் அடுத்த இடத்துக்குப் போங்கள். திறக்கும் நேரமும் சில சமயம் அங்கேயே கிடைக்கும்.

படி 2: இரண்டு இடம் தேர்ந்தெடுங்கள், ஒன்றுக்கு மட்டும் போங்கள்

ஒரு நாளைக்கு ஒரு பூங்கா போதும். இரண்டாவது, மழை பெய்தாலோ முதல் இடம் மூடியிருந்தாலோ போவதற்கு. அளவை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். 4 கிலோமீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம். உள்ளே இருக்கும் சுற்றுச்சாலையை முழுதாகச் சுற்றினால் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். "காலையில் சென்ட்ரல் பார்க், மதியம் மூன்று அருங்காட்சியகம்" என்று எழுதுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

பூங்காவுக்குள் யாரும் நேர்க்கோட்டில் நடப்பதில்லை. மேப் காட்டும் தூரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்வேன். வேகத்தை மணிக்கு 3 கிலோமீட்டராக வைத்துக்கொள்வேன். பெஞ்சில் உட்காரும் நேரம் இதில் சேராது.

படி 3: பூங்காவைச் சேமிக்காதீர்கள், வாசலைச் சேமியுங்கள்

இந்தப் பதிவை எழுதக் காரணமே இந்தப் படிதான். ரொம்ப நாள் என்னைப் படுத்தி எடுத்ததும் இதுதான்.

மேப்பில் பூங்காவின் பெயரைத் தேடினால் ஒரு பின் (இடத்தைக் காட்டும் ஊசிக்குறி) விழும். அந்தப் பின் பெரும்பாலும் பூங்காவின் நடுமத்தியில் இருக்கும். நடந்து போக வழி கேட்டால் சில சமயம் அந்தப் பின்னுக்குப் பக்கத்தில் இருக்கும் சாலைக்குக் கூட்டிப் போய் "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிடும். அங்கே சுவர் இருக்கிறதா, கம்பி வேலி இருக்கிறதா, கேட் இருக்கிறதா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. சின்னப் பூங்கா என்றால் ஐந்து நிமிடம் வீண். பெரிய பூங்கா என்றால் காலைப்பொழுதே போய்விடும். லண்டனின் ரிச்மண்ட் பார்க் 955 ஹெக்டேர், சுற்றிலும் சுவர். விளிம்பை ஒட்டி உள்ளே ஓடும் டாம்சின் டிரெயில் என்ற நடைபாதையே ஏறக்குறைய 12 கிலோமீட்டர். தவறான பக்கத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

(இந்த வாசல் பிரச்சினை நம்மோடு ஆரம்பித்ததில்லை. முதலாம் சார்லஸ் மன்னர் 1637-ல் மான் வேட்டைக்காக அடைத்த நிலம்தான் ரிச்மண்ட் பார்க். பிறகு பொதுமக்களை உள்ளே விட மறுத்தபோது, ஜான் லூயிஸ் என்ற பீர் தயாரிப்பாளர் வழக்குப் போட்டு, 1758-ல் நடந்து போகிறவர்களுக்கு நுழையும் உரிமையை வாங்கிக் கொடுத்தார். அடுத்த தடவை கேட்டைத் தேடி அலையும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம்.)

சரி, வாசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவச மேப் ஆப்பில் (விவரம் படி 5-ல்) பூங்காவின் ஓரத்தை நன்றாகப் பெரிதாக்குங்கள். சுவரோ வேலியோ மெல்லிய கோடாகத் தெரியும். நடைபாதையைக் காட்டும் புள்ளிக்கோடு அந்தக் கோட்டை எங்கே வெட்டுகிறதோ அங்கே பெரும்பாலும் வாசல். பல இடங்களில் கேட்டுக்கு என்றே சின்னக் குறி இருக்கும். விளிம்பு முழுக்க ஒரு சுற்று விரலால் ஓட்டிப் பாருங்கள். சோம்பலாக இருந்தால் விடுதி இருக்கும் பக்கத்தை மட்டுமாவது பாருங்கள்.

அடுத்து, கண்டுபிடித்த இடத்தைக் கூகுள் மேப்ஸில் தெருக்காட்சியாகப் பாருங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் மரக்கிளை கேட்டை மறைத்திருக்கும். தெருவில் நின்று பார்க்கும் படத்தில் கேட்டின் கம்பி, பக்கத்தில் இருக்கும் பஸ் நிறுத்தம், எதிரே இருக்கும் கட்டடம் எல்லாம் தெரியும். நேரில் போகும்போது அந்த எதிர்க்கட்டடம்தான் உங்களுக்கு அடையாளம்.

மூன்றாவது, அந்த வாசலின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பின் குத்தி, உங்களுக்குப் புரியும் பெயரில் சேமியுங்கள். "வடக்கு கேட், ரயிலிலிருந்து வர" என்பதுபோல. வெளியே வரும் வாசலுக்கும் இன்னொரு பின். நுழைந்த வழியாகவே திரும்பி வரவேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ரயில் பிடிப்பதுதான் நல்ல நடை.

ரயிலில் வருகிறவர்கள் ஒரு படி கூடுதலாகப் பார்க்க வேண்டும்: நிலையத்தின் எந்த வாசலில் ஏறி வெளியே வருவது என்று. டோக்கியோவின் ஷின்ஜுக்கு நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். பக்கத்தில் இருக்கும் ஷின்ஜுக்கு கியோயென் தோட்டத்துக்கு ஷின்ஜுக்கு, ஒகிடோ, செண்டகாயா என்று மூன்று வாசல்கள். எதிலிருந்து எதற்கு என்று முன்பே குறித்துக்கொண்டால் பதினைந்து நிமிடத்தில் புல்வெளி. இல்லையென்றால் பூமிக்கடியில் கடைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உயரத்தில் ஓடும் பூங்காக்களில் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். பழைய ரயில் பாதையைத் தோட்டமாக்கிய பாரிஸின் கூலே வெர்ட் (1993-ல் திறந்தது, 4.7 கிலோமீட்டர்), அதற்குப் பிறகு வந்த நியூயார்க்கின் ஹை லைன் (முதல் பகுதி 2009) இரண்டும் தலைக்கு மேலே செடி கொடியோடு தெரியும். ஆனால் படிக்கட்டோ லிஃப்டோ இருக்கும் இடத்தில் மட்டும்தான் ஏற முடியும். சிங்கப்பூரின் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலமும் அப்படித்தான். மேப்பில் சாலையும் பாலமும் ஒன்றையொன்று தொடுவதுபோல் தெரியும். நிஜத்தில் பாலம் சாலைக்கு 36 மீட்டர் மேலே!

படி 4: பொழுது சாயும் நேரத்தைப் பாருங்கள்

பூங்காக்களில் இரண்டு ரகம். ஒன்று, ஆண்டு முழுக்க ஒரே நேரம்: சென்ட்ரல் பார்க் காலை 6 முதல் இரவு 1 வரை, சிங்கப்பூர் தாவரவியல் தோட்டம் காலை 5 முதல் நள்ளிரவு 12 வரை. இன்னொன்று, சூரியனோடு மூடுவது. பெர்லினின் டெம்பெல்ஹோஃப் மைதானம் இரண்டாவது ரகம். 2008-ல் மூடிய விமான நிலையத்தை 2010-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். விமானம் ஓடிய ஓடுபாதையில் சைக்கிள் ஓட்டலாம், பட்டம் விடலாம். சூரியன் மறையும் நேரத்தை ஒட்டிக் கேட்டை மூடுவார்கள்.

சூரியன் மறையும் நேரமும் ஊருக்கு ஊர் மாறும். லண்டனில் ஜூனில் இரவு 9.20 வாக்கில் மறையும். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். சிங்கப்பூரில் எந்த மாதம் போனாலும் 7 மணி வாக்கில்தான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் சூரியன் மறைந்தபின் அரை மணிக்குள் இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள், முக்கியமாகக் காட்டுப்பாதையில் நடப்பவர்கள்.

வார விடுமுறையையும் பாருங்கள். ஷின்ஜுக்கு கியோயென் வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். சிங்கப்பூர் மெக்ரிட்சி காட்டில் மரங்களுக்கு மேலே போகும் நடைப்பாலத்துக்கும் திங்கள் விடுமுறை. டிக்கெட் உள்ள இடங்களில் மூடும் நேரம் வேறு, கடைசியாக உள்ளே விடும் நேரம் வேறு.

படி 5: ஆப் எது?

நடக்க ஆர்கானிக் மேப்ஸ், பஸ்ஸும் ரயிலும் பார்க்கக் கூகுள் மேப்ஸ். இரண்டும் வேண்டும். ஒன்றை வைத்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். ஆர்கானிக் மேப்ஸ் இலவசம், விளம்பரம் கிடையாது, ஊரை டவுன்லோடு செய்துவிட்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடுவதால் ஒற்றையடிப் பாதை, குடிதண்ணீர்க் குழாய், கழிப்பறை எல்லாம் காட்டும். ஓஸ்மாண்ட் ஆப்பில் வசதி இன்னும் அதிகம்தான், ஆனால் அமைப்புகளைத் திறந்தால் எதை விடுவது எதைத் தொடுவது என்றே தெரியாது. முதல் தடவைக்கு வேண்டாம்.

விடுதி வைஃபையில் டவுன்லோடு செய்துகொள்ளலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். வீட்டிலேயே செய்துவிட்டு, போனை விமானப் பயன்முறையில் போட்டுச் சேமித்த வாசலுக்கு வழி வருகிறதா என்று ஒரு தடவை சோதியுங்கள்.

படி 6: பை

தண்ணீர், தொப்பி, ஒரு பவர் பேங்க், மடித்தால் கையளவு வரும் பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் காலைப் புல்லில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டும். வெயிலில் திரை முழு வெளிச்சத்தில் எரிவதால் போன் சார்ஜ் வேகமாக இறங்கும். மலையேறும் ஷூ வேண்டாம். பழகிய நடைச் செருப்போ ஷூவோ போதும். டெம்பெல்ஹோஃப் மாதிரி திறந்தவெளி என்றால் தொப்பி கட்டாயம், அந்த ஓடுபாதையில் நிழல் என்று பெரிதாக எதுவும் கிடையாது.

படி 7: வாசலில் நின்று பலகையைப் படம் எடுங்கள்

உள்ளே நுழையும்போதே அறிவிப்புப் பலகையைப் போனில் எடுத்துவிடுங்கள். மூடும் நேரம், உள் வரைபடம், அவசர எண், தடைகள் எல்லாம் அதில் இருக்கும். மொழி தெரியாவிட்டால் படத்தை மொழிபெயர்ப்பு ஆப்பில் போடலாம். விதிகள் நாம் நினைப்பதுபோல் இருக்காது: ஷின்ஜுக்கு கியோயெனில் மதுவும் பந்து விளையாட்டும் கூடாது. ரிச்மண்ட் பார்க்கில் மான்களிடமிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் குரங்குக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். வான்கூவர் ஸ்டான்லி பார்க்கின் கடற்சுவர்ப் பாதையில் சைக்கிள்கள் இடஞ்சுழியாக ஒரே திசையில்தான் போக வேண்டும்.

உள்ளே வழி தப்பினால் கம்பங்களைப் பாருங்கள். சென்ட்ரல் பார்க்கின் விளக்குக் கம்பங்களில் நான்கு இலக்க எண் இருக்கும். நூறாவது தெருவுக்குக் கீழே உள்ள பகுதியில் முதல் இரண்டு இலக்கம் நேரெதிரே இருக்கும் தெருவின் எண். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் மேற்குப் பக்கம், இரட்டைப்படை என்றால் கிழக்குப் பக்கம். 7803 என்றால் 78-வது தெரு, மேற்கு. போன் சார்ஜ் போனால்கூட வெளியே வந்துவிடலாம்.

பிறகு சேர்த்தது: "எல்லாம் பார்த்துப் போனோம், கேட் பூட்டியிருந்தது" என்று சிலர் எழுதினார்கள். விசாரித்தால் காற்று. மரக்கிளை முறிந்து விழும் என்று பலத்த காற்று நாட்களில் பூங்காவை மூடும் வழக்கம் சில நகரங்களில் உண்டு. மாட்ரிட்டின் ரெத்திரோ பூங்காவை அடிக்கடி இப்படி மூடுகிறார்கள். கிளம்பும் முன் மழையை மட்டும் பார்க்காமல் காற்றின் வேகத்தையும், பூங்காவின் அதிகாரபூர்வப் பக்கத்தையும் பாருங்கள். படி 2-ல் இரண்டாவது இடம் எழுதச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்றும் சேர்க்கிறேன்: குழந்தை வண்டியோடும் சக்கர நாற்காலியோடும் போகிறவர்கள் கேட்டிருந்தார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் படிக்கட்டு நெருக்கமான சிவப்புக் கோடுகளாகத் தெரியும், சாதாரண நடைபாதை புள்ளி புள்ளியாக இருக்கும். நீங்கள் சேமித்த வாசலை ஒட்டி அந்தக் கோடுகள் இருந்தால் வேறு வாசலைத் தேடுங்கள். கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய வாசல் பெரும்பாலும் சமதளமாக இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.