வேர்ல்விண்ட் வேட்டை: ஓர் அபூர்வ போர் விமானத்தின் படங்களையும் சரித்திரத்தையும் தேடிப்பிடிப்பது எப்படி

ஸ்பிட்ஃபயர் படம் வேண்டும் என்றால் கொட்டிக் கிடக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமான வெஸ்ட்லேண்ட் வேர்ல்விண்ட் அப்படியில்லை. இரண்டு இன்ஜின், ஒரே பைலட், மூக்கில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகள் என்று 1938 அக்டோபரில் பறக்க ஆரம்பித்த காலத்தில் அது பெரிய விஷயம்தான். ஆனால் முன்மாதிரி இரண்டைத் தவிர்த்துப் பார்த்தால் கட்டியது மொத்தமே 114. அதைப் போரில் முழுசாகப் பயன்படுத்தியவை பிரிட்டிஷ் விமானப்படையின் 263, 137 என்ற இரண்டே ஸ்குவாட்ரன்கள் (படைப்பிரிவுகள்). 1943 முடிவதற்குள் அவையும் வேறு விமானங்களுக்கு மாறிவிட்டன. முழு விமானம் ஒன்றுகூட இன்றைக்கு மிச்சமில்லை. தேடுகிறவருக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது: 114 என்பது ஒரு மனிதரால் ஒவ்வொன்றாகப் பின்தொடரக்கூடிய எண்ணிக்கை.

அதனால் "வேர்ல்விண்ட்" என்ற பெயரை வைத்துத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். அதே வெஸ்ட்லேண்ட் நிறுவனம் 1950களில் அதே பெயரில் ஒரு ஹெலிகாப்டரைக் கட்டித் தொலைத்தது. எந்த ஆவணக் காப்பகத்தின் தேடுபெட்டியில் அடித்தாலும் முதல் பத்துப் பக்கம் ஹெலிகாப்டர்தான் வரும். ரைட் நிறுவனத்தின் வேர்ல்விண்ட் இன்ஜினும் நடுவே தலைகாட்டும். இந்த விமானத்தில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் பெரெக்ரைன் இன்ஜினின் பெயர், ஸ்குவாட்ரன் எண், விமானத் தளங்களின் பெயர்கள் (263-க்கு எக்ஸெட்டர், ஃபில்டன், வார்ம்வெல், 137-க்கு மாட்லாஸ்க், மான்ஸ்டன்), இவற்றோடு சேர்த்துத் தேடினால் குப்பை பாதியாகக் குறையும்.

ஆனால் உண்மையான சாவி சீரியல் எண். ஒவ்வொரு வேர்ல்விண்டின் பின்னுடலிலும் ஓர் எழுத்தும் நான்கு எண்களும் இருக்கும். வேர்ல்விண்டுக்கு ஒதுக்கியவை மூன்றே தொகுதிகள் (பி என்பது ஆங்கில P): பி6966 முதல் பி7015 வரை, பி7035 முதல் பி7064 வரை, பி7089 முதல் பி7122 வரை. நடுவில் இருக்கும் இடைவெளிகள் எதிரி எண்ணிக்கையைக் கணக்கிடக் கூடாது என்று வேண்டுமென்றே விட்டவை. ஆக, ஒரு படத்தின் கீழே "பி7020" என்று போட்டிருந்தால் அப்படி ஒரு வேர்ல்விண்டே கிடையாது, யாரோ எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள். இந்த மூன்று தொகுதிகளையும் ஒரு விரிதாளில் 114 வரிசையாக முதல் நாளே போட்டுவிடுங்கள். அப்புறம் கிடைக்கிற ஒவ்வொரு துணுக்கும் ஏதோ ஒரு வரிசையில் போய் உட்கார வேண்டும்.

பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் குறியெழுத்துகளை மட்டும் நம்பி அடையாளம் சொல்லாதீர்கள். எச்.இ. என்றால் 263, எஸ்.எஃப். என்றால் 137, அதுவரை சரி. ஆனால் மூன்றாவது எழுத்து விமானத்துக்கு நிரந்தரம் இல்லை. ஒரு விமானம் விழுந்தால் அதே எழுத்து அடுத்து வருவதற்குப் போய்விடும்.

சரி, வரிசைகளை எதைக் கொண்டு நிரப்புவது? தொடங்க வேண்டிய இடம் ஃபார்ம் 78 என்கிற நகர்வு அட்டை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அட்டை: எந்த யூனிட்டுக்கு எந்தத் தேதியில் போனது, எப்போது சேதமானது, எப்படி முடிந்தது. விபத்துகளுக்குத் தனியாக ஃபார்ம் 1180 உண்டு. இவற்றுக்கு லண்டன் ஹெண்டனில் உள்ள ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்தைக் கேட்க வேண்டும். பெட்டி முழுக்கக் கேட்காமல், சீரியல் எண்ணைக் குறிப்பிட்டு ஒன்றிரண்டாகக் கேளுங்கள். பதில் வருவதற்கான வாய்ப்பு அதில்தான் அதிகம். அட்டை முழுக்கச் சுருக்கெழுத்து. எஃப்.டி.ஆர். என்றால் திரும்பி வரவில்லை, எஸ்.ஓ.சி. என்றால் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது, எம்.யூ. என்றால் பராமரிப்புக் கிடங்கு, கேட்டகரி ஈ என்றால் இனி தேறாது. முக்கியமான ஒன்று: அட்டையில் இருக்கும் தேதி குமாஸ்தா எழுதிய தேதி. சம்பவம் அதற்குச் சில நாள் முன்பே நடந்திருக்கலாம்.

நடந்த தேதிக்கு ஸ்குவாட்ரனின் நாட்குறிப்புக்குப் போக வேண்டும். லண்டன் கியூவில் உள்ள நேஷனல் ஆர்க்கைவ்ஸில் ஏர் 27 என்ற வரிசை. அதில் ஃபார்ம் 540 என்பது அன்றன்றைக்கு நடந்ததன் சுருக்கம், படிக்க சுவாரசியமாக இருக்கும், சில அதிகாரிகள் கிண்டலாகவே எழுதுவார்கள். நமக்கு வேலைக்கு ஆவது ஃபார்ம் 541: தேதி, சீரியல் எண், பைலட் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம். ஏர் 27 ஸ்கேன் செய்யப்பட்டிருக்கிறது. வெளியூரிலிருந்து இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம், கியூவுக்கே நேரில் போனால் அங்கிருக்கும் கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். சண்டை அறிக்கைகளுக்கு ஏர் 50, உயிரிழப்புக் கோப்புகளுக்கு ஏர் 81. 541-இல் டைப் செய்தவர் எண்களை இடம் மாற்றி அடித்திருப்பது சகஜம். அப்போது மூன்று தொகுதிப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் எது நடக்கவே முடியாத எண் என்று தெரிந்துவிடும்.

ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம், பி6969. எச்.இ.-வி என்ற எழுத்துகளோடு பறக்கிற அதன் படம்தான் வேர்ல்விண்ட் படங்களிலேயே அதிகம் சுற்றுகிறது. 1941 பிப்ரவரி 8-ஆம் தேதி இந்த விமானம் ஜெர்மனியின் அராடோ 196 கடல்விமானம் ஒன்றை வீழ்த்தியது. வேர்ல்விண்டின் முதல் வெற்றி அதுதான், ஆனால் வேர்ல்விண்டும் கடலில் விழுந்து பைலட்டும் இறந்துபோனார். இது தெரிந்த பிறகு அந்தப் படத்துக்குக் கீழே "1942" என்று போட்டிருந்தால் நீங்கள் சிரித்துவிட்டு நகரலாம். அதே மாதிரி 1942 பிப்ரவரி 12, ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஆங்கிலக் கால்வாய் வழியாகத் தப்பி ஓடிய நாள். அன்றைக்கு 137 ஸ்குவாட்ரன் நான்கு வேர்ல்விண்டுகளை இழந்தது. அந்த நான்கு எண்களையும் 541-இல் பிடித்துவிட்டால், நான்கு வரிசைகளுக்கு முற்றுப்புள்ளித் தேதி கிடைத்துவிடும்.

எண் தெரியாத படம் வந்தால் பெயின்ட்டைப் பாருங்கள். பக்கவாட்டு வட்டச் சின்னத்தின் வெளி மஞ்சள் வளையம் தடிமனாக இருந்தால் 1942 நடுப்பகுதிக்கு முந்தையது. மெல்லியதாக இருந்தால் பிந்தையது. வால் பக்கம் உடலைச் சுற்றி வெளிர்ப் பட்டை இருந்தால் 1940 கடைசிக்கு அப்புறம். இறக்கைக்குக் கீழே குண்டு மாட்டும் தாங்கி தெரிந்தால் 1942-இன் பின்பாதி அல்லது 1943. ஒரு எச்சரிக்கை: அந்தக் கால ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில் மஞ்சள் கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துவிடும். மஞ்சள் வளையமே இல்லை என்று முடிவு கட்டும் முன் அதையும் யோசியுங்கள்.

படங்களுக்கு முதலில் இம்பீரியல் வார் மியூசியம். அவர்களுடைய சி.எச். என்று தொடங்கும் எண்கள் விமான அமைச்சகம் உள்நாட்டில் எடுத்தவை. 1957 ஜூனுக்கு முன் அரசு எடுத்த புகைப்படங்களுக்கு பிரிட்டனில் காப்புரிமை தீர்ந்துவிட்டது, ஆனாலும் பெரிய அளவு ஸ்கேனுக்குக் காசு கேட்பார்கள், அது வேறு கணக்கு. தலைப்புக்குறிப்பை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். தணிக்கைக்காரர் சீரியலையே அழித்திருப்பதும் உண்டு.

நிறையப் பேர் மறந்துவிடுவது வெளிநாட்டுக் கோப்புகளை. இந்த ஸ்குவாட்ரன்களில் ஆஸ்திரேலியர்களும் கனடியர்களும் பறந்தார்கள். ஆஸ்திரேலிய நேஷனல் ஆர்க்கைவ்ஸின் ஏ705 வரிசையில் ஸ்கேன் செய்த உயிரிழப்புக் கோப்புகளை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். சாட்சிகளின் வாக்குமூலம், சில சமயம் விபத்து நடந்த இடத்தின் வரைபடம் எல்லாம் இருக்கும். கனடாவில் போரில் இறந்தவர்களின் பணிக்கோப்புகள் லைப்ரரி அண்ட் ஆர்க்கைவ்ஸில் இருக்கின்றன. பிரான்சில் விழுந்த விமானங்களுக்கு ஜெர்மன் சிப்பாய்களின் ஆல்பங்களைப் பாருங்கள். சிதைந்த விமானத்துக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்வது அவர்களுக்கு வழக்கம், அந்த ஆல்பங்கள் ஏலத் தளங்களில் தனித்தனிப் படங்களாகப் பிய்த்து விற்கப்படுகின்றன. விற்பவர் "தெரியாத பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம்" என்றுதான் போட்டிருப்பார். செங்குத்து வாலில் பாதி உயரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் கிடைவால் தெரிகிறதா பாருங்கள், அதுதான் வேர்ல்விண்டைக் காட்டிக்கொடுக்கும்.

ஏலம் முடிந்ததும் அந்தப் பக்கம் காணாமல் போய்விடும், வாங்குகிறீர்களோ இல்லையோ படத்தையும் பின்பக்கக் கையெழுத்தையும் அன்றே சேமித்துவிடுங்கள். கோப்புப் பெயரில் சீரியல் எண் முதலில், அப்புறம் தேதி, அப்புறம் எங்கிருந்து எடுத்தது. சீரியல் உறுதியில்லை என்றால் பக்கத்தில் "கேள்விக்குறி" என்று எழுத்திலேயே போட்டுவையுங்கள்; ஊகத்தை உறுதி மாதிரி எழுதி வெளியே விட்டால், அடுத்த வருஷம் அதையே வேறொருவர் உங்களுக்கு ஆதாரமாக அனுப்புவார்.