குடியிருப்புக்குப் பெயர் வைக்கப் போகிறீர்களா?

மனைப்பிரிவோ அடுக்குமாடியோ, அதன் பெயர் புரமோட்டருக்கு விற்பனை முடியும்வரைதான் வேண்டும். அதன்பிறகு ஆதார், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றிலும் அதை எழுதப்போகிறவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். அவர்களை நினைத்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

நிலத்திலிருந்து தொடங்குங்கள். சர்வே எண்ணோடு போய் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், அந்தத் தோப்புக்கோ மேட்டுக்கோ வழங்கிவரும் பெயரைச் சொல்வார்கள். ‘இலுப்பைத்தோப்பு’ என்று ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்த பெயரிருந்தால், ஆட்டோக்காரருக்கு வழி சொல்லும் வேலை பாதி குறையும். ‘தாங்கல்’, ‘ஏந்தல்’ என்று வந்தால் அது நீர் தேங்கிய இடமாக இருக்கலாம். பெயரை மறைப்பதற்கு முன் வடிகாலைச் சரிபாருங்கள். மழை வந்தால் பெயர் காப்பாற்றாது.

பத்துப் பன்னிரண்டு பெயர்களை எழுதிக்கொண்டு, ஊருக்குப் புதியவர் ஒருவரிடம் ஒவ்வொன்றையும் போனில் ஒரே தடவை சொல்லி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். தப்பாக எழுதியதை அடித்துவிடுங்கள். ‘எழில்’, ‘யாழ்’ போல ழகரம் வரும் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். மேப்பில் தேடினால் கிடைக்காது. அப்படியொரு பெயர் பிடித்திருந்தால், ஒரே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து பிளான், பத்திரம், பலகை எல்லாவற்றிலும் அதையே போடுங்கள்.

நீளமான பெயரை மக்கள் தாமாகவே சுருக்கிவிடுவார்கள். தியாகராய நகர் தி.நகரானது, கோவையில் இரத்தினசபாபதி புரம் ஆர்.எஸ்.புரமானது. ‘ஸ்ரீ லட்சுமி பாலாஜி அவென்யூ’ என்று வைத்தால் மிஞ்சப்போவது ‘எஸ்.எல்.பி.’தான். இரண்டு சொல் போதும்.

அடுத்து, அதே பெயர் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்புப் பட்டியலைத் திறந்தால் அந்தக் கிராமத்துத் தெருப் பெயர்களும் நகர்ப் பெயர்களும் தெரியும். ஒரே பின்கோடில் இரண்டு அண்ணா நகர் இருந்தால் கூரியர் மட்டுமல்ல, ஆம்புலன்ஸும் மாறிப்போகும். தமிழ்நாடு ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) தளத்தில் பதிவான திட்டங்களையும், வணிகச்சின்னப் பதிவேட்டில் வீடு-மனை வணிகம், கட்டுமானம் ஆகியவற்றுக்கான 36, 37-ஆம் வகுப்புகளையும் தேடுங்கள். இதையெல்லாம் ரெரா விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு பெயர் மாற்றினால் வங்கிக் கடன் ஒப்புதல், விளம்பரம், ஒப்பந்தம் எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும்.

‘லேக் வியூ’ என்று வைக்க ஆசையா? ஏரி எந்த மாடியிலிருந்து தெரிகிறது, பக்கத்து மனையில் கட்டடம் எழும்பினால் தெரியுமா என்று முதலில் பாருங்கள். விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர், 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். சாதிப் பெயர், கட்சித் தலைவர் பெயர் வேண்டாம். வாங்க வருபவர்களில் ஒரு பகுதியை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

பிளாக்குகளுக்கு பி, டி, ஈ என்று வைத்தால் இன்டர்காமில் எல்லாம் ஒன்றுபோலவே கேட்கும். பூப்பெயர் வைத்தாலும் மல்லியும் முல்லையும் சேர்ந்து வரக்கூடாது. தாமரை, செண்பகம், மல்லி என்று தனித்தனியாக ஒலிக்கட்டும். ‘ஃபேஸ் 2’ என்பதை ஒரே கேட்டுக்குள் ஒட்டியிருக்கும் நிலத்துக்கு மட்டும் வையுங்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி வாங்கிய இடத்துக்கு வேறு பெயர் வேண்டும்.