வேலூர் வெயிலில் கைச்செலவுக்குக் காசு

பத்தாவது பரீட்சை முடிந்த லீவில், சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் நீர்மோர் விற்றேன். வேலூர் வெயிலைத் திட்டாதவர் கிடையாது. எனக்கு அதுதான் முதலீடு.

ஒரு லிட்டர் தயிருக்கு மூன்று லிட்டர் கேன் தண்ணீர். கடைந்து, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. 200 மில்லி டம்ளரில் 20 வரும். டம்ளர் பத்து ரூபாய் என்றால் 200. தயிர், ஐஸுக்கு 100 போனாலும் பாதி கையில் நிற்கும். முதல் நாள் மொத்தத்தையும் காலையிலேயே கலக்கிவிட்டேன். மதியத்துக்குள் புளித்து, பாதி வாழைமரத்துக்குப் போனது! தயிரை ஃபிரிட்ஜிலேயே வைத்து, அரை அரை லிட்டராகக் கலக்குங்கள். மண்பானைக்கு ஈரச் சாக்கு சுற்றுங்கள்.

மழை வந்தால் மோர் போணியாகாது. அப்போது தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாம். மூன்று பேர் போதும். நான்காவது ஆள் வந்தால் வாய்ப்பாடு போய் விளையாட்டு வந்துவிடும். சம்பளத்தை முதலிலேயே பேசிவிடுங்கள், சொந்தக்காரர் பிள்ளை என்றால் கட்டாயமாக.

அடுத்தவரிடம் வேலைக்குப் போவதென்றால் கவனம். 14 வயது முடியாதவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 18 முடியும்வரை பட்டாசு, தோல் பதனிடுதல் போன்ற ஆபத்தான தொழில்களும் கூடாது. நம் பக்கம் தோல் தொழிற்சாலைகள் நிறைய, அதனால் சொல்கிறேன்.

சேர்ந்த காசை அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் வைத்தேன். அது மளிகைக்கடைக்குப் போய்விட்டது. நீங்கள் அஞ்சலகத்துக்குப் போங்கள். 10 வயது தாண்டியிருந்தால் உங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம்.