லண்டனில் முதன்முறையாக ‘கூடம் பெரிசு, ரூம் சிறிசு’ ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு

வெளியூர் கிளம்புகிறவரிடம் நாம் கேட்கிற முதல் கேள்வி, “ரூம் போட்டாச்சா?” நமக்கு ரூம்தான் எல்லாம். லாட்ஜின் முன்பக்கத்தில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கியதும் அந்த இடத்தோடு நம் உறவு முடிந்துவிடும்.

லண்டன், ஆம்ஸ்டர்டாம், நியூயார்க் போன்ற நகரங்களின் நடுவே கடந்த 20 ஆண்டுகளாகப் பெருகிவரும் ஒரு வகை ஹோட்டலில் இந்தப் பழக்கம் உதவாது. அங்கே ரூம் சிறிசு. கீழே இருக்கும் கூடம்தான் பெரிசு: புத்தக அலமாரி, நீள மேஜை, ஓவியங்கள், நல்ல நாற்காலிகள், காபி, பார் எல்லாம் அங்கேதான். அலுவலக வேலையாக முதல்முறை இப்படி ஓர் இடத்தில் நான்கு இரவு தங்கினேன். கீழே உட்கார்ந்தால் காசு கேட்பார்கள் என்று எண்ணி, மூன்று இரவு அறைக்குள்ளேயே ரொட்டியும் புளிக்காய்ச்சலுமாகக் கழித்தேன். நான்காம் இரவு சார்ஜர் கேட்கக் கீழே போனேன், நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று இரவுகளை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் இப்படிக் கட்டுகிறார்கள்?

நகர நடுவில் இடம் விலை அதிகம். அறையைச் சுருக்கினால் அதே கட்டடத்தில் கூடுதல் அறைகள் வைக்கலாம். அப்படி மிச்சமாகும் இடமும் பணமும் கூடத்துக்குப் போகின்றன. அமெரிக்காவின் சியாட்டிலில் 1999-இல் தொடங்கிய ஏஸ் ஹோட்டல் இந்த வகைக்கு முன்னோடி. லண்டன் ஷோர்டிச்சில் ஹாக்ஸ்டன் ஹோட்டல் 2006-இல் வந்தது. 2008-இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்தில் சிட்டிசன்எம் தன் முதல் ஹோட்டலைத் திறந்தது. அதை நிறுவிய ரத்தன் சாதா தில்லியில் பிறந்தவர், மெக்ஸ் என்ற ஆடை நிறுவனத்தையும் தொடங்கியவர்.

இங்கே உதாரணத்துக்கு லண்டன் டவர் ஹில்லில் இருக்கும் சிட்டிசன்எம்மை எடுத்துக்கொள்கிறேன். பாதாள ரயில் நிலையத்தின் மேலேயே நிற்பதால் ஊருக்குப் புதிதாக வருகிறவர் வழி தவற வாய்ப்பில்லை.

படி 1: உங்களுக்கு இது ஒத்துவருமா?

பணம் கட்டும் முன் இதை முடிவு செய்யுங்கள். அறை சுமார் 14 சதுர மீட்டர், அதாவது 150 சதுர அடி. சுவருக்குச் சுவர் ஒரே பெரிய கட்டில், அதை ஒட்டி ஜன்னல். இரண்டு தனிக் கட்டில் கிடையாது, கூடுதல் மெத்தையும் போட முடியாது. குளியலும் கழிப்பறையும் அறைக்குள்ளேயே மங்கலான கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கும். தனியாகப் போகிறவருக்கும் கணவன் மனைவிக்கும் அருமையாகப் பொருந்தும். அலுவலக நண்பர் இருவர் ஒரே ரூமைப் பகிர்ந்து செலவைக் குறைக்கலாம் என்று நினைத்தால் இருவருக்கும் சங்கடம். அம்மா அப்பாவையோ குழந்தைகளையோ அழைத்துப்போனால் சமையலறை உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் பாருங்கள்.

படி 2: ரூம் போடுவது

விசா கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணத்தையே தேர்ந்தெடுங்கள். சில பவுண்ட் குறைவு என்று திருப்பித் தராத கட்டணத்தில் சிக்க வேண்டாம். ஹோட்டலின் சொந்தச் செயலியிலோ தளத்திலோ ஒருமுறை விலை பார்த்துவிட்டு மற்ற தளங்களுக்குப் போங்கள். காலை உணவைச் சேர்த்துப் போடுவதா என்பதை அங்கே போய் முடிவு செய்துகொள்ளலாம், அவசரமில்லை.

நம் ஊர் லாட்ஜ் பலவற்றில் நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கு. அங்கே அப்படி இல்லை. பகல் 2 மணிக்குத்தான் அறை, கிளம்பும் நாள் காலை 11 மணிக்குக் காலி செய்துவிட வேண்டும். சென்னையிலிருந்து விடிகாலை போய் இறங்குகிறவர்கள் இதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

படி 3: ஹீத்ரோவிலிருந்து வந்து சேர்வது

பாதாள ரயிலின் பிக்கடில்லி லைனில் ஏறி பேரன்ஸ் கோர்ட் அல்லது ஹேமர்ஸ்மித்தில் இறங்குங்கள். அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம் கிழக்கு நோக்கிப் போகும் டிஸ்ட்ரிக்ட் லைன் வரும். பெட்டியோடு படி ஏற வேண்டியதில்லை. அதில் ஏறினால் நேராக டவர் ஹில். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். டிக்கெட் எடுக்கத் தேவையில்லை, தொடாமல் பணம் கட்டும் வங்கி அட்டையை வாசலில் காட்டினால் கதவு திறக்கும். இறங்கும்போதும் அதே அட்டையைக் காட்ட வேண்டும். நுழையும்போது அட்டை, வெளியேறும்போது போன் என்று மாற்றினால் அது முடிவடையாத இரண்டு பயணமாகக் கணக்காகி, கட்டணம் அதிகமாகிவிடும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு நிமிடம் நில்லுங்கள். எதிரே லண்டன் கோபுரக் கோட்டை, பக்கத்தில் ரோமானியர் கட்டிய பழைய நகர மதிலின் ஒரு துண்டு.

படி 4: செக்-இன்

மேசைக்குப் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். பயந்துவிடாதீர்கள், வரிசையாகக் கணினித் திரைகள் இருக்கும். பெயரைத் தட்டி, பதிவைத் தேர்ந்து, வங்கி அட்டையைக் காட்டினால் அறைக்கான சாவி அட்டை கையில் வரும். தடுமாறினால் அருகே இருக்கும் ஊழியர் வந்து உதவுவார். இவரே பிறகு காபி போடுவார், மாலையில் பாரிலும் நிற்பார். “சார்” வேண்டாம், பெயர் சொல்லியே பேசலாம், அங்கே அதுதான் மரியாதை.

சீக்கிரம் வந்துவிட்டால் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் உட்காருங்கள்.

படி 5: அறைக்குள்

விளக்கு, திரை, குளிர், டிவி எல்லாம் கட்டிலருகே ஒரு டேப்லட்டில். படுக்கும் முன் ஒருமுறை எல்லாவற்றையும் தட்டிப் பழகிக்கொள்ளுங்கள், நள்ளிரவில் விளக்கை அணைக்கத் தேடும் பாடு இருக்காது. கழிப்பறையில் கைக்குழாய் இருக்காது. மடக்கும் மக் ஒன்று பெட்டியில் வையுங்கள். இந்தியாவின் வட்டப் பின் அங்கே நுழையாது, தட்டையான மூன்று பின் அடாப்டர் தேவை. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அறைக்குச் சாப்பாடு கொண்டுவந்து தரும் வழக்கம் இல்லை. பசித்தால் நீங்கள்தான் கீழே போக வேண்டும். நல்லதுதான், போங்கள்.

படி 6: கூடத்தில் உட்காரப் பழகுவது

இதுதான் முக்கியமான படி. நீங்கள் கொடுத்த வாடகையில் ஒரு பங்கு இந்தக் கூடத்துக்குத்தான். ஒன்றும் வாங்காமலும் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். முதல் நாள் மாலையே, குளித்துவிட்டு ஒரு புத்தகத்தோடு இறங்கிவிடுங்கள்.

எங்கே உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்து அனுபவம் மாறும். நீள மேஜை வேலை செய்கிறவர்களுடையது, காதில் ஹெட்போன் இருந்தால் பேச வேண்டாம் என்று பொருள். மூலையில் இருக்கும் சோபா தனிமைக்கு. பேச்சுத் துணை வேண்டும் என்றால் பார் கவுன்ட்டருக்குப் பக்கத்து உயர நாற்காலிக்குப் போங்கள். காலியாக இருந்தாலும், “இங்கே யாராவது இருக்காங்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு உட்காருங்கள். அந்தக் கேள்வியே பேச்சைத் தொடங்கிவிடும்.

அடுத்து என்ன பேசுவது? ஊர், வானிலை, இன்று எங்கே போனீர்கள், எந்தக் கடையில் நல்ல சாப்பாடு. நாம் பாசத்தோடு கேட்கும் “கல்யாணம் ஆச்சா? சம்பளம் எவ்வளவு?” இரண்டும் அங்கே முகத்தைச் சுருங்கவைக்கும். எதிரில் இருப்பவர் பதில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்டால் பேச விரும்புகிறார். ஒரே சொல்லில் முடித்தால் விட்டுவிடுங்கள், உங்கள் மேல் கோபம் ஒன்றுமில்லை.

குடிக்காதவர்கள் ஒதுங்கத் தேவையில்லை. “சோடா அண்ட் லைம்” என்று கேளுங்கள், நம் ஊர் லெமன் சோடாவின் தூரத்து உறவு. கவுன்ட்டரில் கேட்டு அங்கேயே அட்டையில் பணம் கட்டுவதுதான் முறை. யாராவது உங்களுக்கும் சேர்த்து வாங்கித் தந்தால், அடுத்த முறை நீங்கள் வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே எழுதாத வழக்கம். அதில் இறங்க விருப்பமில்லை என்றால் முதலிலேயே நன்றி சொல்லி மறுத்துவிடலாம்.

வீட்டுக்கு வீடியோ கால் பேசுவதை மட்டும் ஹெட்போனோடு வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியை மேஜையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள், அந்தக் கூடம் தெருவில் போகிறவர்களுக்கும் திறந்தது.

படி 7: சாப்பாடும் சுற்றமும்

சைவம் என்றால் அங்கே முட்டை கலந்திருக்கலாம். முட்டை, பால் இரண்டும் வேண்டாம் என்றால் “வீகன்” என்று கேளுங்கள். 14 வகை ஒவ்வாமைப் பொருட்களில் எது கலந்திருந்தாலும் சொல்வது பிரிட்டனில் சட்டக் கடமை, முட்டையும் அதில் ஒன்று. ஆகவே தயங்காமல் விவரம் கேட்கலாம்.

நடந்து போகும் தூரத்தில் 1894-இல் திறந்த டவர் பிரிட்ஜ். அதைத் தாண்டி ஆற்றின் அக்கரையோரம் நடந்தால் பரோ மார்க்கெட் என்ற உணவுச் சந்தை. என் சிபாரிசு வேறொன்று: எதிரே உள்ள கோட்டையைப் பூட்டும் சாவிச் சடங்கு. தினமும் இரவு 9:53-க்குத் தலைமைக் காவலர் விளக்கும் சாவியுமாக வருவார். நூற்றாண்டுகளாக நடக்கிறது. அனுமதிச் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், ஊரில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். மற்றவர்கள் ரயில் பிடிக்க ஓடுவார்கள், நீங்கள் தெருவைக் கடந்தால் போதும்.

படி 8: கிளம்பும் நாள்

11 மணிக்கு அறையைக் காலி செய்தாலும் இரவு விமானம் என்றால் அந்தப் பகல் முழுக்க உங்களுடையது. பெட்டியை ஹோட்டலிலேயே வைக்கச் சொல்லி அடையாளச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டையும் சார்ஜரையும் மட்டும் கைப்பையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வாருங்கள். முந்தின இரவு பேசியவர் அங்கே காபியோடு உட்கார்ந்திருந்தால், இந்த முறை நீங்களே போய்ப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போடுங்கள்.